எது அழுக்கு என்று யார் முடிவு செய்வது? ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படமும் அதன் முன்பின் வரலாறும்

ஒரு நகரம் தன்னைச் சுத்தம் செய்யப்போவதாக அறிவிக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: எது அழுக்கு என்று யார் முடிவு செய்தார்கள்? அந்த அறிவிப்பு பெரும்பாலும் சுவரில் தொடங்கி மனிதர்களிடம் போய் முடியும். நியூயார்க் நகரத்தில் அது எப்படி நடந்தது என்பதை, நடந்துகொண்டிருந்தபோதே பதிவு செய்த படம் ‘ஸ்டைல் வார்ஸ்’. டோனி சில்வர் இயக்கினார். சிற்பியும் புகைப்படக் கலைஞருமான ஹென்றி சால்ஃபன்ட் அவருடன் சேர்ந்து தயாரித்தார். 1983இல் வெளிவந்து, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இன்று சன்டான்ஸ் என்று அறியப்படும் திரைப்பட விழாவில் 1984இல் ஆவணப்படங்களுக்கான பெரும் நடுவர் பரிசைப் பெற்றது.

ஹிப்-ஹாப் மீது ஆர்வம் கொண்ட தோழர்கள் பலர் இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். வண்ணமும் நடனமும் துள்ளலும் நிறைந்த படம் என்பதால் கொண்டாட்டமாகவே அது நினைவில் தங்கிவிடுகிறது. நாம் அதை ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. படம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்து, படம் முடிந்து முப்பது ஆண்டுகள் வரை நீளும் வரலாறு அது. நடுவில் எழுபது நிமிடம் மட்டும் கேமரா ஓடியிருக்கிறது.

படத்தில் இருப்பது

இரவில் சுரங்க ரயில்கள் நிறுத்தி வைக்கப்படும் பணிமனைக்குள் பதின்ம வயதுப் பையன்கள் நுழைகிறார்கள். பை நிறைய ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்கள். விடிவதற்குள் ஒரு பெட்டியின் பக்கம் முழுவதையும் எழுத்தால் நிரப்பிவிட வேண்டும். காலையில் அந்த ரயில் பிராங்க்ஸிலிருந்து கிளம்பி, மன்ஹாட்டனின் அலுவலகங்களுக்கு அடியில் ஓடி, புரூக்ளின் வரை போகும். அந்தப் பையன்கள் ஒருநாளும் அழைக்கப்படாத இடங்களுக்கெல்லாம் அவர்களுடைய பெயர் போய்வரும். 149ஆவது தெரு கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. எழுதுபவர்கள் அங்கே கூடி உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு ரயிலையும் பார்த்து, யார் எழுதியது, எப்படி எழுதியது என்று விமர்சித்தார்கள். அவர்கள் படித்த இலக்கியப் பள்ளி அது என்றே சொல்லலாம்.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் தங்களை ஓவியர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, எழுத்தாளர்கள் என்றார்கள். எழுதியது கதையோ கோஷமோ இல்லை, பெயர். அதுவும் தாங்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். டோண்டி, சீன், ஸ்கீம், கேஸ் 2. இவர்களில் கேஸ் 2 ஒரு கை இல்லாதவர். மற்றவர்களால் எளிதில் வாசிக்க முடியாத அளவுக்கு எழுத்தை உடைத்து, மடக்கி, பின்னி அவர் உருவாக்கிய பாணியைப் பற்றி, ஒரு பொறியாளர் தன் இயந்திரத்தை விளக்குவதுபோல விளக்குகிறார். கேமரா அவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை; அவருடைய அறிவைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறது. தெருப்பிள்ளைகளைப் பற்றிய படங்களில் இது அரிது. நிபுணர்கள் பேச, பிள்ளைகள் வெறும் காட்சியாக நிற்பதே வழக்கம். இங்கே பிள்ளைகள்தான் நிபுணர்கள்.

எதிர்த்தரப்பையும் படம் மறைக்கவில்லை. மேயர் எட் கோச் வருகிறார், காவல்துறை வருகிறது, எரிச்சலோடு பேசும் பயணிகளும் வருகிறார்கள். புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர்களைக் கொண்டு, உங்கள் தடத்தைச் சமூகத்தின் மேல் பதிக்காதீர்கள், சமூகத்துக்குள் பதியுங்கள் என்ற பொருளில் நகர நிர்வாகம் எடுத்த விளம்பரமும் வருகிறது. கேட்க நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தச் சமூகத்துக்குள் நுழையும் கதவுகளை அதே நகரம் எப்படி ஒவ்வொன்றாகச் சாத்தியது என்பதைப் படம் அதிகம் பேசுவதில்லை. அதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படத்துக்கு முன்னால்

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்கத் தகுந்த பகுதிகளுக்கு ஒரு நிறம், ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி என்பதே சிவப்புப் பூசப் போதுமான காரணமாக இருந்தது. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தவருக்கு வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ கடன் கிடைப்பது அரிதானது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த கோடு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அது வங்கியின் வரைபடத்தில் இருந்தது.

1948இல் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலையின் வேலை தொடங்கியது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்த குடியிருப்புகளின் குறுக்கே அந்தச் சாலை வெட்டப்பட்டது. கிழக்கு ட்ரெமான்ட் என்ற பகுதியில் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்காக மட்டும் 1,500 குடும்பங்கள் அளவுக்கு வெளியேற்றப்பட்டன. வசதியும் வெள்ளைத்தோலும் இருந்தவர்கள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்களும், மற்ற பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் தெற்கு பிராங்க்ஸில் சேர்ந்தார்கள்.

அதன்பின் தீ வந்தது. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் 44 கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் பாதிக்கு மேல் இழந்தன. அவற்றில் 7 வட்டாரங்கள் 97 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தன. எரிந்தவை ஒருபக்கம், கைவிடப்பட்டவை ஒருபக்கம். வாடகை வராத கட்டடத்தைக் கொளுத்திக் காப்பீட்டுப் பணம் வாங்கிய உரிமையாளர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் நகர நிர்வாகம், கணினி மாதிரிகளைக் காட்டி, தீ அதிகம் பிடித்த ஏழைப் பகுதிகளிலேயே தீயணைப்பு நிலையங்களை மூடியது. குடியரசுத் தலைவர் நிக்சனின் ஆலோசகர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், இனப் பிரச்சினையைச் சில காலம் கண்டுகொள்ளாமல் விடுவது நல்லது என்ற பொருளில் 1970இல் குறிப்பு எழுதினார். நகரத்தின் வீட்டுவசதித் துறைத் தலைவராக இருந்த ரோஜர் ஸ்டார், மக்கள் குறைந்துவரும் ஏழைப் பகுதிகளிலிருந்து சேவைகளைத் திட்டமிட்டே சுருக்கிக்கொள்ளலாம் என்று 1976இல் வாதிட்டார்.

1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பள்ளிகளில் இசை, ஓவிய வகுப்புகள் முதலில் வெட்டப்பட்டவற்றில் சேர்ந்தன. மாணவத் தோழர்கள் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 1847இல் தொடங்கிய நகரக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். அதில் படிக்க நகரவாசிகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. 1969இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் போராடி, 1970இல் எல்லோருக்கும் திறந்த சேர்க்கையைப் பெற்றார்கள். ஆறே ஆண்டுகளில், 1976இல், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிக் கல்விக் கட்டணம் கொண்டுவரப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக இலவசமாக இருந்தது, நம்மைப் போன்றவர்கள் உள்ளே வந்த சில ஆண்டுகளில் விலைக்கு வந்தது.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்ட பிறகு மேயரின் விளம்பரத்தை மறுபடியும் பாருங்கள். சமூகத்துக்குள் தடம் பதிக்கச் சொல்கிறது. வீட்டுக்குக் கடன் இல்லை, எரிந்தால் அணைக்க வண்டி இல்லை, பள்ளியில் ஓவிய வகுப்பு இல்லை, கல்லூரி இலவசம் இல்லை. தடம் எங்கே பதிப்பது?

ஆனாலும் அந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று, விரைவுச்சாலையை ஒட்டிய செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் தன் சகோதரி நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றினார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த இரவுதான். ‘ஸ்டைல் வார்ஸ்’ படத்தில் ராக் ஸ்டெடி க்ரூ இளைஞர்கள் தரையில் சுழன்று ஆடுவதும், ரயில்மேல் எழுத்து ஓடுவதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

பெயர் ஏன்?

பெயர் எழுதும் வழக்கம் பிராங்க்ஸில் மட்டும் தோன்றியதில்லை. பிலடெல்பியாவில் 1960களின் இறுதியிலேயே இருந்தது. நியூயார்க்கில் அதற்குப் புகழ் தேடித்தந்தவர் 183ஆவது தெருவில் வாழ்ந்த, கிரேக்கக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். பொருள்களைக் கொண்டுசேர்க்கும் வேலையில் நகரமெங்கும் சுற்றிய அவர், போன இடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று எழுதினார். 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதன்பின் பெயர்கள் பெருகின. பெயரோடு வந்த எண் பலருக்கும் அவர்களுடைய தெருவின் எண். என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனால் நான் இந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்ற அறிவிப்பு அது.

பெயர் சின்ன விஷயம் என்று தோன்றுவது, பெயர் பறிக்கப்படாதவர்களுக்குத்தான். கறுப்பின மக்களின் குடும்பப் பெயர்களில் எத்தனையோ, அடிமை முதலாளிகளுடையவை. மால்கம் தன் பெயருக்குப் பின்னால் ‘எக்ஸ்’ போட்டுக்கொண்டது, பறிபோன அந்தப் பெயரின் காலியிடத்தைக் காட்டத்தான். நம் வீடுகளிலும் தாத்தா பாட்டிகளின் பெயர்களை விசாரித்துப் பாருங்கள். பிள்ளைக்கு மதிப்பான பெயர் வைத்ததற்காக ஆதிக்கச் சாதியினர் முகம் சுளித்த கதை பல குடும்பங்களில் கிடைக்கும். அப்படிப்பட்ட வரலாற்றிலிருந்து வருகிறவர்கள், தானே வைத்துக்கொண்ட பெயரை ஒரு ரயில் பெட்டியின் உயரத்துக்கு எழுதும் பையனை வெறும் போக்கிரி என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

அம்மாவின் கேள்வி

ஆனால் இந்தப் படத்தை நாயகர்களின் கதையாக மட்டும் பார்ப்பதும் நேர்மையாகாது. படத்தின் மிகச் சிறந்த காட்சி பணிமனையில் நடப்பதில்லை, சமையலறையில் நடக்கிறது. ஸ்கீமும் அவருடைய அம்மாவும் பேசிக்கொள்கிறார்கள். மகன் ராத்திரியில் சுரங்கப் பாதைக்குள் போவது அம்மாவுக்குத் தெரியும். எதற்காக இதெல்லாம் என்று அவர் விடாமல் கேட்கிறார். தனக்காகவும், தன்னைப் போல எழுதுகிறவர்களுக்காகவும்தான், மற்றவர்கள் பார்ப்பதற்காக இல்லை என்கிறான் மகன். அம்மா சமாதானம் ஆகவில்லை. நாமும் அவரைச் சமாதானம் செய்யத் தேவையில்லை. மின்சாரம் பாயும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், இருட்டில், காவலரிடமிருந்து தப்பி ஓடும் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் பயப்படுவது நியாயம். அந்த ரயிலில் வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளிக்கு, வெளியே எட்டிப் பார்க்க முடியாதபடி ஜன்னல் மறைந்திருப்பது எரிச்சலாக இருப்பதும் நியாயம். அந்தப் பயணிகளில் பலர் அதே பையன்களின் பெற்றோர்தான்.

கேப் என்ற எழுத்தாளர் மற்றவர்கள் இரவெல்லாம் உழைத்து எழுதியவற்றின் மேல் தன் பெயரை அவசரமாக அடித்துவிட்டுப் போகிறார். அவருக்கு அழகு முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். தெருவிலும் அதிகாரம் உண்டு, ஆதிக்கம் உண்டு என்பதைப் படம் ஒளிக்கவில்லை. இன்னொரு இல்லாமையையும் பார்க்க வேண்டும்: பெண்கள். எக்குவடோரில் பிறந்த லேடி பிங்க் அதே ஆண்டுகளில் ரயில்களில் எழுதிப் பெயர் பெற்றவர். 1983இல் வெளிவந்த ‘வைல்ட் ஸ்டைல்’ கதைப்படத்தில் முக்கிய வேடம் ஏற்றவர். ஆனால் ‘ஸ்டைல் வார்ஸ்’ பெரிதும் ஆண்பிள்ளைகளின் உலகமாகவே நிற்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் பண்பாடு என்பதற்காக அதற்குள் இருக்கும் ஆணாதிக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட முடியாது.

இந்த முரண்களைச் சொல்வதால் அந்தப் பிள்ளைகளின் பக்கம் பலவீனமாகிவிடாது. நாம் யாருடைய உரிமைக்காகப் பேசுகிறோமோ அவர்கள் குற்றமே அறியாத தேவதைகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை மேட்டிமைத்தனம்தான்.

இடம் மாறிய பொருள்

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு மேரி டக்ளஸின் பெயர் அறிமுகமாகியிருக்கும். தூய்மை, தீட்டு பற்றி 1966இல் அவர் வெளியிட்ட நூல், அழுக்கு என்பது ஒரு பொருளின் இயல்பு இல்லை, அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்று காட்டியது. வயலில் மண் மண்தான். சாப்பாட்டு மேசைமேல் அதுவே அழுக்கு. எதற்கு எந்த இடம் என்று ஒரு சமூகம் வகுத்துவைத்த ஒழுங்கை மீறியதைத்தான் நாம் அழுக்கு என்கிறோம். எம்.என். சீனிவாஸ் எழுதிய குடகு மக்களைப் பற்றிய ஆய்வை எடுத்துக்கொண்டு, சாதி சார்ந்த தீட்டையும் அந்த நூலில் அவர் விவாதிக்கிறார். ஆகவே இந்தக் கருத்தின் ஒரு வேர் நம் மண்ணில் இருக்கிறது. தண்ணீர் தண்ணீர்தான், யார் தொட்டார்கள் என்பதால் அது தீட்டாகிறது என்பதை நம் முன்னோர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இதை நியூயார்க் ரயிலுக்குப் பொருத்திப் பாருங்கள். ரயில் பெட்டிக்குள் சிகரெட்டும் மதுவும் விற்கும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பயணி யாரும் அவற்றைக் கேட்கவில்லை. ஆனால் காசு கொடுத்து ஒட்டியதால் அவை அழுக்கு ஆகவில்லை. அதே பெட்டியின் வெளியே ஒரு பிராங்க்ஸ் பையன் எழுதிய பெயர் அழுக்கு. அதே பையன் அதே பெயரைத் துணித்திரையில் எழுதிக் கலைக்கூடத்தில் மாட்டினால் அது கலை. படத்தின் இறுதிப் பகுதியிலேயே கலைக்கூடமும் ஓவியம் வாங்க வந்தவர்களும் வந்துவிடுகிறார்கள். சுவரில் ‘சாமோ’ என்ற பெயரில் எழுதத் தொடங்கிய கறுப்பின இளைஞர் ஜான்-மிஷெல் பாஸ்கியா 1982இல் தீட்டிய ஓர் ஓவியம், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2017இல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. பெயின்ட் மாறவில்லை; இடமும், யார் அதிலிருந்து காசு பார்க்கிறார்கள் என்பதும்தான் மாறின.

படம் வெளிவந்த ஆண்டில்

1983 செப்டம்பர் 15, அதிகாலை. மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பினக் கலைஞரை, மன்ஹாட்டனின் முதல் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் போக்குவரத்துக் காவலர்கள் கைது செய்தார்கள். நிலையச் சுவரில் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவர் நினைவிழந்திருந்தார். 13 நாட்கள் கழித்து, செப்டம்பர் 28 அன்று இறந்தார். ஆறு காவலர்கள்மீது வழக்கு நடந்தது. நடுவர் குழுவில் இருந்த அனைவரும் வெள்ளையர்கள். 1985 நவம்பரில் ஆறு பேரும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

‘ஸ்டைல் வார்ஸ்’ வெளிவந்ததும் இதே 1983இல்தான். படத்தில் காவலரும் பையன்களும் எலியும் பூனையும்போல ஓடிப்பிடித்து விளையாடுவதாக ஒரு தோற்றம் கிடைக்கும். அந்த விளையாட்டில் சிலருடைய உயிர் பந்தயமாக வைக்கப்பட்டிருந்தது என்பதை ஸ்டூவர்ட்டின் மரணம் சொல்கிறது. படத்தில் எழுதுகிறவர்களில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளும் உண்டு, வெள்ளைப் பிள்ளைகளும் உண்டு. கிராஃபிட்டிக்கு நிறமில்லை, தண்டனைக்கு நிறம் இருந்தது. ஸ்டூவர்ட்டுக்கு நடந்தது தனக்கும் நடந்திருக்கலாம் என்று உணர்ந்த பாஸ்கியா, அதை ஓவியமாக வரைந்தார். 1989இல் ஸ்பைக் லீ எடுத்த ‘டூ தி ரைட் திங்’ படத்தில் காவலர் பிடியில் மூச்சுத்திணறி இறக்கும் இளைஞனின் பாத்திரத்துக்குப் பின்னாலும் ஸ்டூவர்ட் இருக்கிறார்.

படத்துக்குப் பின்னால்

மேயர் கோச்சின் நிர்வாகம் பணிமனைகளைச் சுற்றி இரட்டை வேலி கட்டி, மேலே முள்கம்பி சுற்றி, இடையில் நாய்களை விட்டது. 1984 முதல், எழுத்து இருக்கும் பெட்டியை ஓடவிடாமல் நிறுத்திச் சுத்தம் செய்யும் திட்டம் வந்தது. 1989 மே 12 அன்று, சுரங்க ரயில்கள் கிராஃபிட்டி இல்லாதவை ஆகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெட்டிகள் சுத்தமாயின. ஆனால் சுத்தம் அங்கே நிற்கவில்லை.

1979இல் நேதன் கிளேசர் என்ற சமூகவியலாளர் சுரங்க ரயில் கிராஃபிட்டி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுத்து நிறைந்த பெட்டியில் பயணிப்பவருக்கு, இந்த நகரம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்ற அச்சம் வருகிறது என்பது அவர் வாதம். 1982 மார்ச்சில் ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய ‘உடைந்த ஜன்னல்கள்’ கட்டுரை அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு வளர்த்தது. உடைந்த ஜன்னலை மாற்றாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும். அதுபோலச் சிறு ஒழுங்கீனங்களைக் கண்டிக்காமல் விட்டால் பெருங்குற்றங்கள் வரும் என்றது. வில்லியம் பிராட்டன் 1990இல் நியூயார்க் போக்குவரத்துக் காவல்துறைத் தலைவராகவும், 1994இல் மேயர் ருடி ஜூலியானியின் கீழ் நகரக் காவல் ஆணையராகவும் வந்து அதை நடைமுறையாக்கினார். டிக்கெட் இல்லாமல் ஏறியவர், பிச்சை கேட்டவர், சிக்னலில் கார் கண்ணாடி துடைத்தவர் என்று வரிசையாகப் பிடிக்கப்பட்டார்கள். உடைந்த ஜன்னல் என்ற இடத்தில் இப்போது மனிதர்கள் இருந்தார்கள்.

குற்றம் குறைந்தது உண்மைதானே என்று கேட்பார்கள். 1990களில் குறைந்தது உண்மை. இந்தக் கொள்கையைப் பின்பற்றாத பல அமெரிக்க நகரங்களிலும் அதே ஆண்டுகளில் குறைந்தது என்பதும் உண்மை. எது குறையவில்லை என்றால், தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட இளைஞர்களின் எண்ணிக்கை. 2011ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் காவல்துறை 6,85,724 முறை மக்களை நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் மேல் எந்தக் குற்றமும் சாட்ட முடியவில்லை. பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள். 14 முதல் 24 வயதுக்குட்பட்ட கறுப்பின ஆண்கள் அந்த நகரத்தில் மொத்தம் 1,58,406 பேர். அவர்கள் நிறுத்தப்பட்டது 1,68,126 முறை. அந்த நகரத்தில் இருந்த இளைஞர்களைவிட அதிகம்.

2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், இந்த முறை நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே, 2014 ஜூலை 17 அன்று, சில்லறையாகச் சிகரெட் விற்றார் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட எரிக் கார்னர், காவலர் கழுத்தை நெரிக்க, மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிச்சொல்லியே இறந்தார். அப்போது பிராட்டன் மீண்டும் நகரக் காவல் ஆணையராக இருந்தார். ஸ்டூவர்ட்டிலிருந்து கார்னர் வரை 31 ஆண்டுகள். சுவர் எழுத்துக்கும் சில்லறைச் சிகரெட்டுக்கும் உள்ள பொது அம்சம் ஒன்றே: இரண்டும் ‘சிறு ஒழுங்கீனம்’. அதற்குத் தண்டனை மரணமாக இருந்தது.

நமக்கு இதில் என்ன?

இந்த வரலாறு நமக்கு அந்நியமானது இல்லை. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம், ஹார்லெமை ஒட்டி, மன்ஹாட்டனின் 116ஆவது தெருவில் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் 1ஆம் எண் ரயிலும் இந்தப் பிள்ளைகள் எழுதிய ரயில்களில் ஒன்று. 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். 1972இல் மும்பையில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, பெயரையே அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடை ஏறியபோது, வடசென்னைக் கானாவும் பிராங்க்ஸில் பிறந்த ராப்பும் கைகோத்தன. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற’ என்ற சொல் அந்தக் குழுவின் பெயரில் ஒலித்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது.

தெருவோர இளைஞர்களைப் பற்றிய எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும், யாராவது எடுக்கச் சொன்னாலும், மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். இந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வருவதற்கு முன் அவர்களிடமிருந்து எதையெல்லாம் எடுத்தார்கள்? படத்தில் அறிவாளி யார், சான்று யார்: அவர்களே தங்களை விளக்குகிறார்களா, வேறு யாரோ விளக்குகிறார்களா? கேமரா போன பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது? ‘ஸ்டைல் வார்ஸ்’ இரண்டாவது கேள்விக்கு மிக நேர்மையாகப் பதில் சொல்கிறது. முதல் கேள்வியைத் தொட்டும் தொடாமலும் விடுகிறது. மூன்றாவதற்கு அந்தப் படத்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. அதை வரலாறு எழுதியது.

தெருவில் நிற்கும் பையனைப் பற்றிக் காவல் நிலையத்தில் பேசப் போகும்போதும், பள்ளியில் பேசும்போதும், ஒரு பகுதியை ‘அழகுபடுத்தும்’ திட்டத்தின் கூட்டத்தில் உட்காரும்போதும் இந்த வரிசை நமக்குப் பயன்படும். முதலில் கடனை நிறுத்துவார்கள், பிறகு சாலை போடுவார்கள், பிறகு தீயணைப்பு வண்டியை எடுப்பார்கள், பிறகு பள்ளியைச் சுருக்குவார்கள். கடைசியில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் சுவரில் தங்கள் பெயரை எழுதும்போது, இதோ நகரத்தின் அழுக்கு என்று கை காட்டுவார்கள். அந்தக் கை நீளும்போது நாம் சுவரைப் பார்க்கக் கூடாது. அதற்கு முந்தைய நான்கு படிகளைப் பற்றிக் கேட்க வேண்டும்; யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சுவரில் எழுதிய பையனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கோப்பில் எழுதியவர்களின் பெயரும் தெரியட்டும்.